இரண்டு பாகம் ஆழமும் ஒரு பேனாவும்: விமானத்தில் மை ஏன் கசிகிறது?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி ஆகிய ஊர்களில் வெளிநாட்டுக்குப் போய் வராத குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். துபாய், சிங்கப்பூர், கொழும்பு என்று மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ விமானம் ஏறுகிறவர்களின் சட்டைப் பையில் இங்க் பேனா இருப்பது முன்பு சாதாரணமான காட்சி. இடையில் குறைந்திருந்த அந்தப் பழக்கம் இப்போது இளைஞர்களிடம் மீண்டும் தலைகாட்டுகிறது. பத்திரம் எழுதும் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மை பேனாவோடு வாழ்ந்தவன் என்பதால், ஊருக்கு வருகிற பலரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: தரையில் ஒழுங்காக எழுதிய பேனா விமானத்தில் மட்டும் ஏன் மை கக்குகிறது? பேனா மட்டமானது, விமானத்தின் குலுக்கல், உள்ளே வீசும் குளிர் என்று ஆளுக்கொரு காரணமும் அவர்களே சொல்லிவிடுவார்கள். மூன்றுமே உண்மையான காரணம் அல்ல. வெளியே வருவது மைதான் என்றாலும், அதைப் பிடித்துத் தள்ளுவது பேனாவுக்குள் மையோடு சேர்ந்து அடைபட்டிருக்கும் காற்று. அந்தக் காற்றைப் புரிந்துகொண்டால் எந்தப் பேனாவையும் எந்த விமானத்திலும் கறையில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம்.

நான் இதைக் கற்றுக்கொண்டது என் மகளைப் பார்க்க முதன்முறையாகத் துபாய் போனபோதுதான். பில்லர் என்ற துளிக்குழலால் மை ஊற்றும், எபோனைட் என்ற கெட்டி ரப்பரில் செய்த கருப்புப் பேனா ஒன்று என்னிடம் உண்டு. அதன் உடம்பு முழுவதுமே மைக்கூடு. புறப்படும் அவசரத்தில் அரைக்கும் குறைவாக மை இருந்த அந்தப் பேனாவைக் கைப்பையில் படுக்கையாக வைத்து, பையை இருக்கைக்கு மேலுள்ள தட்டில் ஏற்றிவிட்டேன். பயணம் முழுவதும் எதுவும் தெரியவில்லை. மறுநாள் காலையில் பேரன் தன் புதுக் குறிப்பேட்டில் பெயர் எழுதித் தரச் சொன்னான். மூடியைத் திருகினேன். கடைசிச் சுற்றில் மரையின் விளிம்பில் நீலக் கோடு ஒன்று வளையமாகத் தெரிந்தது. அது என்னவென்று நினைப்பதற்குள் மூடி கையோடு வந்துவிட்டது. மூடிக்குள் கால் பங்கு மை நின்றிருந்தது. நிப்பு முழுக்க மைக்குள் முங்கி எழுந்தது போல இருந்தது. பேரனின் குறிப்பேட்டு அட்டையில் முதலில் விழுந்தது அவன் பெயரின் முதல் எழுத்து அல்ல, காசளவு மைத்துளி. "வாப்பா, சட்டையிலயும் பட்டிருச்சு பாருங்க" என்று மகள் சொன்ன பிறகுதான் மார்பைக் குனிந்து பார்த்தேன். கழற்றியது துபாயில் என்றாலும், மை வெளியேறியது மதுரையிலிருந்து ஏறிய முதல் அரை மணி நேரத்திலேயே என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஊர் திரும்பிய பின், சங்கு குளித்துப் பழகிய முதியவர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் அதிகம் யோசிக்கவில்லை. "அடியில விட்ட குமிழி மேல வர வர பெருசாகும் தம்பி. பேனாக்குள்ள இருக்கிற காத்தும் அப்படித்தான் பெருத்திருக்கும்" என்றார். "ஏறினது ஆகாயத்துக்கு காக்கா (அண்ணா), கடல்லேருந்து இல்லையே" என்றேன். "ரெண்டும் மேல ஏறுறதுதானே" என்று முடித்துவிட்டார். ராபர்ட் பாயில் 1662இல் எழுதிவைத்த விதியும் இதைத்தான் சொல்கிறது: வெப்பம் மாறாதவரை, அடைபட்ட காற்றின் மீதுள்ள அழுத்தம் எந்த அளவுக்குக் குறைகிறதோ அந்த அளவுக்கு அதன் பருமன் கூடும். கடலில் பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆகவே அங்கே விட்ட ஒரு குமிழி நீர்மட்டத்தை அடையும்போது இரண்டு மடங்காகப் பெருத்திருக்கும்.

விமானத்திலும் இதே கணக்குதான், அளவு மட்டும் குறைவு. பயணிகள் விமானம் பறக்கும் 35,000 அடி உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 238 மில்லிபார். கடல்மட்டத்தில் இது 1013. அந்த உயரத்து வெளிக்காற்றில் மனிதரால் உயிர் வாழ முடியாது என்பதால் விமானத்தின் உட்கூடு காற்றடைத்துக் காக்கப்படுகிறது. ஆனால் உள்ளே கடல்மட்ட அழுத்தத்தையே வைத்திருந்தால் உலோகக் கூட்டின் மீது விழும் இழுவிசை மிகவும் கூடிவிடும். ஆகவே உள்ளழுத்தத்தை ஓரளவு குறைய விடுகிறார்கள். சாதாரணப் பறப்பில் உட்கூடு 8,000 அடி உயரத்து மலை ஒன்றின் அழுத்தத்துக்குக் கீழே இறங்கக்கூடாது என்பது விதி. 8,000 அடியில் அழுத்தம் சுமார் 753 மில்லிபார். கரிம இழையால் உடல் கட்டப்பட்ட போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் உட்கூட்டை 6,000 அடி அளவிலேயே வைத்திருக்க முடிகிறது. அங்கே சுமார் 812 மில்லிபார்.

1013ஐ 753ஆல் வகுத்தால் 1.35 வரும். அதாவது கடல்மட்டத்தில் மூடிய பேனாவுக்குள் இருந்த காற்று, விமானம் உயரம் பிடித்ததும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகப் பெருக்க முயல்கிறது. நம் கடற்கரையின் அளவையில் சொல்வதென்றால், இரண்டு கைகளையும் விரித்த நீளமான பாகம், அதாவது ஆறடி, என்ற கணக்கில் ஏறத்தாழ இரண்டு பாகம் ஆழத்திலிருந்து மேலே வந்ததற்குச் சமம். முத்தும் சங்கும் எடுக்க மூழ்கியவர்களுக்கு இரண்டு பாகம் என்பது முழங்கால் தண்ணீர் மாதிரி; பேனாவுக்கு அதுவே ஒரு சட்டையைப் பாழாக்கப் போதும். இங்கே கடற்கரைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரு விமான நிலையத்தில் ஏறுகிறவரின் பேனாவில் அழுத்தம் முன்பே குறைந்திருப்பதால் அவருக்கு ஏற்படும் பெருக்கம் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். கடல்மட்டத்தை ஒட்டிய சென்னை, கொழும்பு, துபாய், சிங்கப்பூரில் ஏறுகிறவர்களுக்குத்தான் முழு வீச்சும் கிடைக்கிறது.

இனிப் பேனாவுக்குள் பார்ப்போம். நிப்பின் அடியில் ஒட்டியிருக்கும் கட்டையை நாக்கு என்று சொல்வோம். அதன் முதுகில் மயிரிழை போன்ற வாய்க்கால் ஓடுகிறது. மை அதன் வழியே நுண்துளை ஈர்ப்பால் நிப்பின் பிளவுக்கு வருகிறது. வெளியேறிய மையின் இடத்தை நிரப்ப, அதே வழியாகச் சிறு சிறு குமிழிகளாகக் காற்று உள்ளே போகிறது. லூயிஸ் வாட்டர்மன் 1884இல் காப்புரிமை பெற்ற நாக்கு, இந்த இரண்டு வழிப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தியதால்தான் மை பேனா அன்றாடப் பொருளாயிற்று. நாக்கில் சீப்புப் பற்கள் போன்ற வெட்டுகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவை அழகுக்கு அல்ல. மை தேவைக்கு மேல் வந்துவிட்டால் அந்தப் பற்களுக்கிடையே தங்கிக்கொள்வதற்கான இடம் அது. ஆனால் அங்கே சில துளிகளுக்கு மட்டுமே இடம் உண்டு. அதைத் தாண்டினால் மை நிப்பின் நுனியில் திரண்டு கீழே விழ வேண்டியதுதான்.

எவ்வளவு மை வெளியேறும் என்பதை யாரும் கணக்கிட்டுவிடலாம். என் எபோனைட் பேனா சுமார் 3 மில்லி கொள்ளும். அதில் 1 மில்லி மையும் 2 மில்லி காற்றும் இருந்ததாக வைத்துக்கொண்டால், அந்தக் காற்று 2.7 மில்லியாகப் பெருக்கப் பார்க்கும். மை இருக்கும் பக்கம் நாக்கை ஒட்டியிருந்தால் 0.7 மில்லி மை வெளியே போயாக வேண்டும். ஒரு துளி 0.05 மில்லி என்றால் இது பதினான்கு துளி. எந்த நாக்கும் அதைத் தாங்காது. அதே நேரத்தில், மை அடைத்தே விற்கப்படும் சிறு குழலான கார்ட்ரிட்ஜ் ஒன்றின் முழுக் கொள்ளளவே சுமார் 0.8 மில்லிதான். அது பாதி காலியாக இருந்தாலும் உள்ளே உள்ள காற்று 0.4 மில்லி, பெருக்கம் மூன்று துளிக்கும் குறைவு. நல்ல நாக்கின் பற்கள் அதை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆக, பேனாவின் விலைக்கும் கசிவுக்கும் உள்ள தொடர்பைவிட, பேனாவுக்குள் இருக்கும் காற்றின் அளவுக்கும் கசிவுக்கும் உள்ள தொடர்பே நெருக்கமானது. மிகுந்த விலை கொடுத்து வாங்கிய பெரிய பேனா கக்கியும், பள்ளிப் பையன் வைத்திருக்கும் கார்ட்ரிட்ஜ் பேனா உலர்ந்தும் வந்து சேர்வதற்குக் காரணம் இதுதான்.

இதிலிருந்தே முதல் வழி கிடைக்கிறது: காற்றுக்கு இடமே தராதபடி பேனாவை முழுவதும் நிரப்பிவிடுவது. மை குறைவாக இருந்தால் கசிவும் குறையும் என்று பலர் எண்ணி, பயணத்துக்கு முன் பாதியை வெளியே கொட்டிவிடுகிறார்கள். எல்லா நிலைகளிலும் மோசமானது அந்த அரைகுறை நிலைதான். பில்லர் பேனாவானால் மை விளிம்பு தட்டும்வரை ஊற்றிக் கழுத்தைத் திருகி, வழிந்த மையைத் துணியால் ஒற்றி எடுக்கலாம். கன்வர்ட்டர் (திருகி மை உறிஞ்சும் சிறு குழல்) உள்ள பேனாவானால் மை உறிஞ்சிய பிறகு நிப்பை மேலே பார்க்கப் பிடித்து, உள்ளே தங்கிய காற்று போய் நிப்பின் அடியில் மை எட்டிப் பார்க்கும்வரை மெதுவாகத் திருக வேண்டும். இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர் பேனாவைக் கழுவி உலர்த்தி வெறுமையாகவே கொண்டுபோகலாம். தள்ளுவதற்கு மை இல்லாதபோது காற்று எவ்வளவு பெருத்தாலும் நமக்கு என்ன?

இரண்டாவது வழி இதைவிட முக்கியமானது, செலவில்லாதது: ஏறும்போது நிப்பு வானத்தைப் பார்க்க இருக்க வேண்டும். அப்படி நிறுத்தினால் மை பேனாவின் அடியில் தங்குகிறது. காற்று மேலே, நாக்கை ஒட்டி வந்துவிடுகிறது. பெருக்கும் காற்றுக்கு முன்னால் தள்ளுவதற்கு மை இல்லை. அது நாக்கின் வழியே தானாகவே வெளியேறிவிடும். மூடியில் கிளிப் வைத்திருப்பதால் சட்டைப் பையில் செருகிய பேனா இயல்பாகவே நிப்பு மேலாக நிற்கிறது. ஆகவே, வெள்ளைச் சட்டையைக் காப்பதற்காகப் பேனாவை எடுத்துப் பைக்குள் படுக்க வைப்பது, காக்க நினைத்ததையே கெடுக்கும் செயல். நானும் அதைத்தான் செய்திருந்தேன். மேல்தட்டில் படுத்துக் கிடந்த பேனாவில் நாக்கு மைக்குள் இருந்தது, காற்று பின்னால் இருந்து தள்ளியது. சட்டைப் பையை நம்ப மனமில்லாதவர்கள், முன் இருக்கையின் பையில் பேனா உறையை நிமிர்த்தி வைக்கலாம். செருகுவதற்கு முன் நாக்கில் தங்கியிருக்கும் மை பின்னுக்கு இறங்கட்டும் என்று பேனாவை நிமிர்த்தி மெல்ல ஒருமுறை தட்டுவது நல்லது, உதறக் கூடாது.

ஆபத்து ஏறும்போதுதான், இறங்கும்போது இல்லை. இதைக் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று அடுத்த பயணத்தில் உடம்பு முழுவதும் கண்ணாடி போன்ற பேனா ஒன்றைப் பாதி மையோடு எடுத்துப்போனேன். ஏறும்போது நிப்பை மேலே வைத்திருந்தேன், ஒன்றும் நிகழவில்லை. விமானம் உயரம் பிடித்து, இருக்கைப் பட்டை விளக்கு அணைந்து சிறிது நேரம் கழித்து, ஒரு காகிதத் துண்டை நிப்பில் சுற்றிக்கொண்டு மூடியைத் திறந்தேன். துளி கூட இல்லை. ஒரு பக்கம் கடிதம் எழுதினேன். பின்பு துபாயை நோக்கி இறங்கத் தொடங்கியதும், மூடிய பேனாவை வேண்டுமென்றே நிப்பு கீழாகப் பிடித்தபடி சாளர வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தேன். நாக்கின் வேரிலிருந்து கடுகளவு குமிழி ஒன்று கிளம்பி மையைத் துளைத்து மேலே போயிற்று. சற்றுப் பொறுத்து இன்னொன்று. வெளியழுத்தம் கூடக் கூட, பேனா காற்றை உள்ளிழுத்துக்கொண்டிருந்தது. இறக்கத்தில் மை வெளியே வருவதில்லை, வந்தது கூட உள்ளே திரும்பத்தான் பார்க்கும்.

இந்தச் சோதனை இன்னொன்றையும் எனக்கு உணர்த்தியது. பறக்கும்போது எழுதிப் பாதி மை தீர்ந்த பேனா, ஒரே விமானத்தில் ஊர் சேர்கிறவருக்குத் தொல்லை தராது. ஆனால் கொழும்பில் இறங்கி வேறு விமானம் மாறுகிறவரின் பேனா, தரையில் காத்திருக்கும் நேரத்தில் கடல்மட்டக் காற்றை மீண்டும் நிரப்பிக்கொள்கிறது. முதல் ஏற்றத்தில் நிறைந்திருந்த பேனா, இரண்டாவது ஏற்றத்தில் அரைப் பேனா. வழியில் மாறுகிறவர்கள் இதை நினைவில் வைத்து, மறுபடி ஏறுவதற்குள் நிரப்பிக்கொள்ள வேண்டும், இல்லையேல் இரண்டாம் முறையும் நிப்பை நிமிர்த்தியே வைக்க வேண்டும்.

பெட்டியில் போட்டு அனுப்பினால் நல்லதா என்று கேட்பவர்கள் உண்டு. பயணிகள் விமானத்தில் சரக்கு அறையும் அதே காற்றடைத்த கூட்டுக்குள்தான் இருக்கிறது, அழுத்தமும் அதேதான். பெட்டி எந்தப் பக்கம் கவிழ்ந்து கிடக்கும் என்பது நம் கையில் இல்லாததால், பேனாவுக்கு அது கைப்பையைவிட மோசமான இடம். விமானம்தான் ஏற வேண்டும் என்பதும் இல்லை. கோடை விடுமுறையில் இராமநாதபுரத்திலிருந்து கொடைக்கானலுக்குப் போகும் பேருந்தில் சிப்ஸ் பொட்டலம் உப்புவதைப் பார்த்திருப்போம். சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள அந்த ஊரில் அழுத்தம், விமான உட்கூட்டின் அழுத்தத்துக்கு மிக அருகில்தான். புதிய பேனா ஒன்று விமானத்தைத் தாங்குமா என்று பார்க்க விரும்பினால், அதை ஒரு பாலித்தீன் பையில் கட்டிக் கொடைக்கானல் கொண்டுபோய்ப் பார்த்தாலே போதும். வெயிலும் இதே வேலையைச் சிறிய அளவில் செய்யும். குளிரூட்டிய அறையிலிருந்து நம் ஊர் மே மாத வெளிக்கு வரும்போது காற்று ஐந்தாறு சதவீதம் பெருக்கிறது. மை தீரும் தறுவாயில் பில்லர் பேனா கக்குவது இதனால்தான்.

பேனா செய்பவர்கள் இந்தச் சிக்கலை நூறாண்டுகளுக்கு மேலாக அறிந்திருக்கிறார்கள். நிப்பை உடம்புக்குள் இழுத்துக்கொண்டு, மூடி நேரே மைக்கூட்டின் வாயை அடைக்கும்படி அமைந்த பேனாக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வந்துவிட்டன. 1941இல் விற்பனைக்கு வந்த பார்க்கர் 51 பேனாவில், முகமூடிக்குள் மறைத்து வைத்த நெருக்கமான பற்கள் கூடுதல் மையைத் தேக்கிக்கொண்டன. ஹங்கேரியரான லாஸ்லோ பிரோ உருவாக்கிய பந்துமுனைப் பேனாவை இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் விமானப் படையினர் விரும்பி எடுத்துக்கொண்டதும் இந்தக் காரணத்தால்தான். அதன் குழலின் பின்பக்கம் திறந்திருப்பதால் காற்று எங்கும் அடைபடுவதில்லை, மையும் களிம்பு போன்றது. இன்று பைலட் கஸ்டம் 823, தைவானின் ஓபஸ் 88 போன்றவற்றில், பின்குமிழை இறுக்கினால் மைக்கூட்டுக்கும் நாக்குக்கும் இடையே ஓர் அடைப்பு விழுகிறது. அப்படி அடைத்த பேனாவில் நாக்கில் ஏற்கெனவே உள்ள மையைத் தவிர வேறெதுவும் வெளியே வராது. ஏறும் முன் இறுக்கிவிட்டு, மேலே போனபின் தளர்த்தி எழுதலாம். அடிக்கடி பறக்கிறவர் பெரிய மைக்கூட்டை விரும்பினால் இந்த வகைதான் நான் பரிந்துரைப்பது. எங்கள் மாநிலத்திலேயே திருவள்ளூரில் கையால் கடைந்து செய்யும் ரங்கா எபோனைட் பேனாக்களை விரும்பும் என்னைப் போன்றவர்களுக்கு, நிறைப்பதும் நிமிர்த்துவதும் போதும்.

பில்லர் பேனாவில் கழுத்தும் உடம்பும் சேரும் மரையையும் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் அதில் நூல் சுற்றுவார்கள், மெழுகு தடவுவார்கள். இப்போது சிலிகோன் கிரீஸ் கடுகளவு தடவினால் போதும். மூடியை மிகையாக இறுக்குவதால் ஒரு பயனும் இல்லை; எபோனைட்டில் மரைதான் தேயும்.

மையைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். பத்திரத்துக்கு ஏற்ற பழைய முறை நீலக்கருப்பு மைகளில் இரும்பு உப்பு உண்டு. அது துணியில் பட்டபின் வெளுப்பான் போட்டால் நீலம் போய்த் துருநிறம் நின்றுவிடும். பயணத்துக்குத் துவைத்தால் போகும் நீல மையே சரி. மைப்புட்டியைக் கைப்பையில் எடுத்துப்போவதற்குத் தடையில்லை. வெளிநாட்டுக்குப் போகும் விமானங்களில் பொதுவாக ஒரு புட்டிக்கு 100 மில்லி என்பதே வரம்பு. நம் கடைகளில் கிடைக்கும் 60 மில்லி புட்டி அதற்குள் அடங்கும். புட்டிக்குள்ளும் காற்று இருப்பதால், மூடியின் மேல் ஒரு சுற்று ஒட்டுநாடா சுற்றி, ஒட்டும் வாயுள்ள பாலித்தீன் பையில் போட்டு நிமிர்த்தி வைக்க வேண்டும்.

எல்லாம் செய்தும் மூடிக்குள் மை இறங்கிவிட்டது என்ற ஐயம் வந்தால், பேனாவைக் காகிதத்துக்கு மேலோ மடிக்கு மேலோ திறக்கக்கூடாது. நிப்பு மேலாகப் பிடித்து, பேனாவையும் மூடியையும் ஒரு துணியால் பொதிந்துகொண்டு, மெதுவாகத் திருகி மூடியை நேர் மேலே தூக்க வேண்டும். பின்பு மூடியின் உட்புறத்தில் காகிதத்தைத் திரித்துவிட்டு மையை உறிஞ்ச விட வேண்டும். இதைச் செய்யாமல் மூடியை மாட்டினால் கழுத்தில் மறுபடியும் நீல வளையம் விழும். கழுத்தையும் மரையையும் துடைத்த பிறகு, நிப்பின் முதுகில் ஒரு துண்டு சாக்பீஸை ஒற்றினால், நாக்கின் பற்களுக்கிடையே தேங்கிய மையையும் அது இழுத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் செய்ததுதான். என் பேனா உறையில் இப்போதும் ஒரு வெள்ளைச் சாக்பீஸ் துண்டு பயணம் செய்கிறது.